நாளைய இணையப் பக்கம்



ஒலிவாங்கிக்கு முன்னால் தனியாக அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் நண்பர் ஒருவர் என் குரலின் அளவைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். என் பேச்சைக் கேட்போர் எவர், எங்கே இருக்கின்றனர் என்பது எனக்குத் தெரியாது. விடுதி அறையில் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்கும் மாணவர் ஒருவர் இருக்கலாம். பேருந்தில் நின்றுகொண்டே கேட்பவர் இருக்கலாம். அடுக்களையில் தாளிக்கும் ஓசைக்கு நடுவே பாதிச் சொற்களை மட்டும் பெறுகின்றவரும் இருக்கலாம். அத்தனை பேருக்கும் ஒரே பேச்சுப் போய்ச் சேர வேண்டும். வானொலியில் பேசிப் பழகியவர்கள் இதனை நன்கு அறிவார்கள். ஆகையால் அவர்கள் "இதோ பாருங்கள்" என்று கைகாட்டிப் பேசுவதில்லை.

என்னுடைய தொழில் இணையப் பக்கங்களை வடிவமைப்பது. எங்கள் நிலையும் வானொலிப் பேச்சாளரின் நிலைதான் என்பதை ஒப்புக்கொள்ள எங்கள் தொழிலுக்கு நெடுங்காலம் பிடித்தது. இன்றும் முழு மனத்தோடு ஒப்புக்கொண்டோம் என்று சொல்ல மாட்டேன். நாளைய இணையப் பக்கம் எவ்வாறு இருக்கும் என்று பேசுமாறு நிலையத்தார் கேட்டபோது, இந்த ஒப்புதலைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன்.

உலகளாவிய வலை பிறந்தபோது இச்சிக்கல் எழவே இல்லை. ஜெனீவா நகருக்கு அருகில் செர்ன் என்னும் இயற்பியல் ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், ஆய்வுக் குறிப்புகளை ஒன்றோடொன்று பிணைக்கும் திட்டம் ஒன்றை 1989-இல் எழுதி அளித்தார். 1991-இல் முதல் இணையதளம் வெளியார் பார்வைக்கு வந்தது. அதில் படம் கிடையாது. சொற்களும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் இணைப்புகளுமே இருந்தன. சாளரத்தை அகலமாக்கினால் வரிகள் அகன்றன. குறுக்கினால் வரிகள் மடிந்து, பக்கம் கீழ்நோக்கி நீண்டது. எழுதியவர் வடிவத்தைப் பற்றிக் கட்டளை எதுவும் இடவில்லை. படிப்பவரின் திரை எப்படியோ அப்படியே பக்கமும் இருந்தது.

பின்னர் அச்சுக்கலையில் பயின்றவர்கள் வந்தனர். தாளின் அகலம் தெரியும், ஓரத்தில் விடவேண்டிய வெண்மை தெரியும் என்ற உலகத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். பெருகி ஓடும் வரிகளைக் கண்டு அவர்களுக்கு எரிச்சல் உண்டானது இயல்பே. கணக்கு எழுதுவதற்காக ஏற்பட்ட அட்டவணைகளைக் கொண்டு பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத, ஒரு புள்ளி அளவேயான படத்தை இழுத்து நீட்டி, சொற்களுக்கு இடையே முட்டுக்கொடுத்தார்கள். "இப்பக்கத்தை இன்ன அகலமுள்ள திரையில் பார்ப்பது நலம்" என்று முகப்பிலேயே அறிவிப்பு எழுதி வைத்த காலம் அது. நானும் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் விருந்தினரை, இன்ன உயரம் இருந்தால் உள்ளே வரலாம் என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

எழுதப்படும் பொருள் எழுத்தின் வடிவத்தை ஆள்வது நமக்குப் புதிதன்று. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் முன்னோர் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். கயிறு கோக்கும் துளையைச் சுற்றி இடம் விட்டு எழுதினர். பயின்றவருக்கு அது தடையில்லை. பயிலாதவருக்குத்தான் ககரமா, ககர மெய்யா என்ற திகைப்பு. ஒரு பொருளின் வசதிக்காக நாம் விட்டுவிடுவது எதுவாயினும், அதனால் இடர்ப்படுபவர் ஒருவர் எங்கோ இருக்கத்தான் செய்கிறார்.

இணையப் பக்கத்துக்கு மாற்று வழி ஒன்று 1994-ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. நார்வே நாட்டவரான ஹோக்கன் வியூம் லீ என்பவர், அப்பொழுது செர்ன் நிலையத்தில் இருந்தவர், பக்கத்தின் தோற்றத்தைப் பொருளடக்கத்திலிருந்து பிரித்து எழுதும் முறையை முன்மொழிந்தார். அதுவே சி.எஸ்.எஸ். என்று இன்று வழங்குவது. 1996 டிசம்பரில் அது தரமாக ஏற்கப்பட்டது. அம்முதல் முன்மொழிவில் ஓர் அரிய கருத்து இருந்தது. பக்கத்தின் தோற்றத்தை எழுதியவர் மட்டும் முடிவு செய்யக்கூடாது. படிப்பவரின் விருப்பமும் அதில் கலக்க வேண்டும் என்பதே அக்கருத்து. எழுதியவர் ஒரு வண்ணத்தைக் கேட்கலாம், படிப்பவர் வேறொன்றைக் கேட்கலாம், இரண்டையும் எடைபோட்டு உலாவி முடிவு செய்யும். இந்த இரண்டாவது பாதியை நாங்கள் ஏறக்குறைய மறந்துவிட்டோம். இன்று புதியவை என்று பேசப்படுபவற்றுள் நல்லவை பலவும் மறந்துபோன அந்தப் பாதிக்குத் திரும்பி வருபவையே என்பது என் கருத்து.

தமிழுக்கு இதில் தனிக்கதை ஒன்று உண்டு. 1990-களின் இறுதியில் தமிழ்ப் பத்திரிகைகள் இணையத்தில் வரத் தொடங்கியபோது, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதனை இறக்கிக்கொள்ளாதவருக்குத் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே காட்சி தரும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு என்னும் ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தும், சாதாரணக் கணிப்பொறியில் அது வந்து சேர 2000-ஆம் ஆண்டின் விண்டோஸ் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. கைபேசிகளில் இன்னும் தாமதம். ஆகவே எங்களில் பலர் குறுக்கு வழி ஒன்றைக் கைக்கொண்டோம். தமிழ்ச் சொல்லை எழுத்தாக இடாமல், அழகாக எழுதிப் படமாக்கி ஒட்டிவிடுவோம். படம் எந்தத் திரையிலும் தெரியும் அல்லவா?

எந்தத் திரையிலும் தெரியும். திரையையே காணாதவருக்கு?

2012-ஆம் ஆண்டு, ஒரு கல்லூரிக்கு மாணவர் சேர்க்கைப் பக்கம் செய்து கொடுத்தேன். முகப்பில் கோபுரப் படம். விண்ணப்பத்தின் தலைப்புகள், கேள்விகள், பொத்தான்கள் அனைத்தும் கையெழுத்துப் போன்ற தமிழ் எழுத்தில் படங்களாக அமைந்தவை. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முந்திய மாலை எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பக்கத்தின் அடியில் என் எண்ணைப் பெருமையாகப் போட்டு வைத்திருந்தேன். அதனை யாரோ படித்துச் சொல்லி அழைத்திருக்கிறார்.

"ஐயா, உங்கள் பக்கம் எனக்குப் படம், படம், படம் என்று மட்டுமே சொல்கிறது. எந்தப் படத்துக்குள் என் பெயரை எழுதுவது?" என்றார் அழைத்தவர்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "தம்பி, கண்ணுக்கு நேரே இருக்கிறதே" என்று கூடச் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாக, தாம் பார்வையற்றவர் என்றும், திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளைக் கொண்டு கணிப்பொறியைப் பயன்படுத்துபவர் என்றும் விளக்கினார். அவர் பயன்படுத்தியது என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள். அதனை ஆஸ்திரேலியாவில் 2006-இல் மைக்கேல் கர்ரன் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு இணைந்தார். இருவருமே பார்வையற்றவர்கள் என்று பின்னர் அறிந்தேன். அம்மென்பொருள் எழுத்தைப் படிக்கும். எழுத்தின் படத்தைப் படிக்காது. படத்துக்கு மாற்றாக ஓரிரு சொற்களை எழுதிவைக்கும் வசதி தொடக்க காலம் முதலே உண்டு. 1999 மே மாதம் வெளிவந்த அணுகுமுறை விதிகளில் முதல் விதியே அதுதான். நான் எழுதி வைக்கவில்லை.

மறுநாளுக்குள் பக்கத்தை மாற்ற வழியில்லை. ஆதலால் நானே அவருக்காக விண்ணப்பத்தை நிரப்புவதாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல நான் எழுதினேன். பெயர், ஊர், மதிப்பெண்கள், தந்தையின் தொழில் என்று போய், குடும்பத்தின் ஆண்டு வருமானம் என்ற இடம் வந்தது. அவர் சற்றுத் தயங்கினார். அருகே பேச்சுக்குரல்கள் கேட்டன. பொதுவிடம் ஒன்றிலிருந்து பேசுகிறார் என்று தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தித் தொகையைச் சொன்னார். மற்ற மாணவர்கள் எவரும் அறியாமல் தாமே எழுதி அனுப்பிய ஒன்றை, முகம் அறியாத எனக்கும் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்க அவர் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குக் காரணம் என் அழகிய எழுத்து.

அதன் பிறகுதான் நான் படித்திருக்க வேண்டியவற்றைப் படிக்கத் தொடங்கினேன். 2010 மே மாதம் ஈத்தன் மார்கோட் என்னும் அமெரிக்கர், திரைக்கு இணங்கி மாறும் வடிவமைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். 'ரெஸ்பான்சிவ்' என்று இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் சொல்லை அவர் கட்டடக்கலையிலிருந்து எடுத்துக்கொண்டார். பக்கம் திரையின் அகலத்தைக் கேட்டு அறிந்து, அதற்கேற்பத் தன் பகுதிகளை அடுக்கிக்கொள்ளும். இன்று அது பள்ளிப் பாடம் போலாகிவிட்டது. அதன் அடுத்த படி, 2022-ஆம் ஆண்டு தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் முக்கியமான உலாவிகள் எல்லாவற்றிலும் வந்து சேர்ந்தது. முன்பு பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும், தெரு எவ்வளவு அகலம் என்று கேட்டே தன் வடிவத்தை முடிவு செய்தது. இப்போது, தான் விரிந்து கிடக்கும் திண்ணை எவ்வளவு அகலம் என்று கேட்க அதற்கு முடிகிறது. ஒரே செய்திப் பெட்டி, அகன்ற இடத்தில் படமும் எழுத்துமாகப் பக்கம் பக்கமாக நிற்கும். ஒடுங்கிய இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒதுங்கிக்கொள்ளும்.

தமிழில் வேலை செய்பவருக்கு இது பெரிய உதவி. ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்று ஆறு எழுத்தில் அடங்கும் பொத்தானில் நாம் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுத வேண்டும். கடவுச்சொல்லை மறந்தீர்களா என்று கேட்பதற்குள் நம் வரி இரண்டாக மடிந்துவிடும். ஆங்கில எழுத்துக்கென அளந்த வரி இடைவெளியில் கி, கீ ஆகியவற்றின் கொக்கிகள் மேல்வரியின் உகர வளைவுகளோடு முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் வரைந்து, இறுதியில் தமிழை ஊற்றி நிரப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. மாணவ நண்பர்களே, உங்களுள் எவரேனும் இத்தொழிலுக்கு வந்தால், முதல் வரைபடத்திலேயே நீளமான தமிழ்ச் சொல்லை இட்டுப் பாருங்கள். அதற்கு இடங்கொடுத்த பெட்டி எந்த மொழிக்கும் இடங்கொடுக்கும்.

திரையின் அகலத்தோடு, படிப்பவரின் விருப்பத்தையும் பக்கம் இப்போது கேட்டறிகிறது. இருண்ட பின்னணி வேண்டும், அசைவுகள் வேண்டாம், எழுத்து அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று ஒருவர் தம் கருவியில் ஒருமுறை குறித்து வைத்தால், ஒவ்வொரு பக்கமும் அதற்குப் பணியலாம். 1994-இன் பழைய கருத்துத்தான் இது. அசைவு வேண்டாம் என்ற வேண்டுகோளை முதலில் கண்டபோது, இது யாருக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். உட்செவியில் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு, திரையில் பொருள்கள் பெரிதாகிப் பாய்ந்து வருவது தலைசுற்றலையும் குமட்டலையும் உண்டாக்கிவிடும். பக்கத்தை நகர்த்த நகர்த்த எழுத்துகள் பறந்து வந்து அமரும் வித்தை இப்போது பெருவழக்காகி வருகிறது. அதனைச் செய்வதும் எளிதாகிவிட்டது. எனக்கு அதில் அத்தனை ஈடுபாடு இல்லை. செய்வோர் இந்த வேண்டுகோளை மதித்தாவது செய்ய வேண்டும்.

தோற்றத்தின் நாகரிகம் வேட்டிக் கரை போல, மாறிக்கொண்டே இருக்கும். 2007-இல் வந்த ஐபோனும் அதன் பின் வந்தவையும் தோலையும் மரத்தையும் போலத் திரையில் தீட்டிக் காட்டின. 2013-இல் அவற்றைத் துடைத்துவிட்டுத் தட்டையான வண்ணங்கள் வந்தன. 2025 ஜூனில் ஆப்பிள் நிறுவனம், பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும் கண்ணாடித் தோற்றத்தை அறிவித்தது. எழுத்தைப் படிக்க இயலவில்லை என்று பலர் உடனே குறை கூறினர். எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற அளவிலேனும் ஒளி வேறுபாடு வேண்டும் என்பது 2008 முதல் வழங்கும் விதி. கண்ணாடியின் பின்னால் நிமிடத்துக்கு ஒரு படம் மாறிக்கொண்டிருந்தால் இந்த அளவை எவ்வாறு உறுதி செய்வது? அமெரிக்காவிலுள்ள வெப்எய்ம் என்னும் அமைப்பு, 2025-இல் 10 இலட்சம் முகப்புப் பக்கங்களை இயந்திரத்தைக் கொண்டு சோதித்தது. நூற்றுக்கு 94.8 பக்கங்களில் அணுகுமுறைக் குறைகள் தென்பட்டன. அவற்றுள் முதலிடம் மங்கிய எழுத்துக்கு. நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று கைபேசியைப் பார்ப்பவர் எவரும் இதனை ஆராய்ச்சியின்றியே அறிவார்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். இந்தப் பேச்சு முழுவதையும் தமிழ் எழுத்தாகச் சேமித்தால் ஏறத்தாழ 50 கிலோபைட் ஆகும். 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, கைபேசியில் திறக்கும் நடுத்தர முகப்புப் பக்கம் ஒன்றின் எடை 2 மெகாபைட்டுக்கு மேல். அதாவது இத்தகைய பேச்சுகள் நாற்பதை ஒருவர் தலையில் ஏற்றி, அவற்றுள் அவருக்கு வேண்டிய ஒரு வரியைத் தேடிக்கொள்ளச் சொல்கிறோம். மாதக் கடைசியில் அளந்து தரவு வாங்கும் மாணவருக்கு இது காசுக் கணக்கு.

வருங்காலத்தில் வடிவமைப்பாளரின் மேசைக்குச் சட்டமும் வந்து அமரப்போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2023 நவம்பரில், வாங்குவோரை ஏமாற்றும் வடிவமைப்பு உத்திகள் 13-ஐ நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. வேண்டாம் என்னும் பொத்தானை ஒளித்து வைப்பது போன்ற உத்திகள் அவை. இவை எல்லாவற்றிலும் என் மனத்தில் நிற்பது 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. அமில வீச்சினால் முகமும் கண்களும் சிதைந்த ஒருவர், வங்கிக் கணக்குத் தொடங்க முயன்றார். ஆள் உயிரோடு இருப்பதற்குச் சான்றாகக் கண்ணை இமைத்துக் காட்ட வேண்டுமாம். இமைக்க அவரால் இயலவில்லை. அந்த முறையை வகுத்தவர் கொடியவர் என்று நான் கருதவில்லை. எல்லோரும் இமைப்பார்கள் என்று எண்ணிக்கொண்டார், அவ்வளவே. எல்லோருக்கும் கண் தெரியும் என்று நான் எண்ணிக்கொண்டதைப் போல. கணிப்பொறி வழிச் சேவைகளை அணுகுவது, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று நீதிமன்றம் கூறிற்று.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாமல் விட்டால் மாணவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். இரண்டு வரி சொன்னால் பக்கம் முழுவதையும் எழுதித் தரும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன். விரைவு வியப்பளிக்கிறது. ஆயினும் அவை கற்றுக்கொண்டது எங்கே? நாங்கள் எழுதிக் குவித்த பக்கங்களிலிருந்து. நூற்றுக்கு 94-க்கு மேல் குறையுள்ள அதே கூட்டத்திலிருந்து. அவை தரும் பக்கத்தில் பெயரிடப்படாத பொத்தான் ஒன்றைக் காணும்போதெல்லாம், என் பழைய பிழை வேறொருவர் கைவழியாகத் திரும்பி வந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மனிதர் சார்பாக இணையத்தில் உலவிச் சீட்டு எடுத்துத் தரும் இயந்திரங்கள் வரத் தொடங்கியுள்ளன. பொத்தானுக்குப் பெயரும், படத்துக்குச் சொல்லும், தலைப்புகளுக்கு வரிசையும் உள்ள பக்கம் அவற்றுக்கும் எளிதாக விளங்குகிறது. பார்வையற்றவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டும் செய்யாததை, இயந்திரத்துக்காக நிறுவனங்கள் செய்யக்கூடும். எக்காரணம் பற்றியேனும் செய்தால் சரி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அந்தச் சேர்க்கைப் பக்கத்தை அடுத்த ஆண்டு திருத்தி எழுதினேன். படங்கள் போய் எழுத்துகள் வந்தன. பழைய பக்கமே அழகாக இருந்தது என்றார்கள் கல்லூரியில்; அது உண்மையும்கூட. அந்த மாணவர் அங்கேயே வரலாறு பயின்று பட்டம் பெற்று, இப்போது ஆசிரியராக இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அழைத்தார். வேறு ஏதோ ஒரு பக்கத்தில் கட்டணம் கட்ட முயன்றாராம். கடைசிப் பொத்தானை 'பொத்தான்' என்று மட்டுமே கருவி படிக்கிறதாம். "இதுவும் உங்கள் பக்கம்தானோ என்று கேட்கத்தான் அழைத்தேன், ஐயா" என்று சிரித்தார். இல்லை, என்னுடையது அன்று. பக்கத்தின் அடியில் முகவரி இருந்தது. செய்தவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.